இல்சே டெலாங்கேயை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி பற்றிய உங்கள் கட்டுரையில், 2019இல் டெல் அவிவில் நெதர்லாந்துக்காக வென்ற டங்கன் லாரன்ஸைப் பாராட்டியிருந்தீர்கள். சரிதான், 1975க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஆனால் அந்த நாட்டுப் பாடகி இல்சே டெலாங்கேயின் பெயர் ஒரு வரியில்கூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

நெதர்லாந்தின் அல்மெலோ ஊர்க்காரர். அமெரிக்காவின் நாஷ்வில் வரை போய்ப் பதிவு செய்த முதல் ஆல்பத்தை 1998இல் வெளியிட்டார். 2014 யூரோவிஷனின் கோபன்ஹேகன் மேடையில் சக பாடகர் வெய்லனுடன் முகத்துக்கு முகம் பார்த்து நின்று, ஆட்டமோ ஆர்ப்பாட்டமோ இல்லாமல் பாடி இரண்டாம் இடம் பிடித்தார். அந்த நிதானம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதே ஆண்டு ‘தி வாய்ஸ் ஆஃப் ஹாலந்து’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் டங்கன் இருந்தது, பயிற்சியாளரான இவருடைய அணியில்தான். அப்புறம் யூரோவிஷனுக்கு அவரைப் பரிந்துரைத்தவரும் இவரே. இவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை அவசியம் வெளியிடுங்கள்.

– வாசகி, திருச்சி