நமது ஆசிரியர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆசிரியர் தின விழா, பணிநிறைவுப் பாராட்டு, இரத்த தான முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நான் இழுத்துப் போட்டுச் செய்தது ஒரு வேலைதான். கைப்பேசி வழிக் கற்றலும் கலப்பு மெய்மையும் (கண்முன் இருக்கும் காட்சியோடு கணினிப் படத்தையும் சேர்த்துக் காட்டுவது) நம் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு ஒத்துவருமா என்று மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், ஏர்வாடி ஆசிரியர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். வெட்டி வேலை என்று சிலர் சொன்னது காதில் விழுந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்குப் புதியதென்றால் பயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாடநூலில் க்யூஆர் கோடு வந்ததும் ஸ்கேன் செய்து பாடம் எடுத்தவர்கள் இவர்கள். பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டம் (நுனி வெட்டிய கூம்பு) கரும்பலகையில் பிடிபடாத பிள்ளைகள், ஜியோஜிப்ரா என்ற கணிதச் செயலியில் அது பெஞ்சு மேல் நிற்பதுபோலத் தெரிந்ததும், போனைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்து மேல் ஆரம் எது, கீழ் ஆரம் எது என்று தாங்களே சொன்னார்கள். ஆனால் அங்கிருந்த போன்களில் ஒன்றிரண்டில்தான் அந்த வசதி வேலை செய்தது. போனைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் அட்டைக் கண்ணாடியிலும் இதே கதைதான், போனில் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இல்லையென்றால் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. வீட்டில் இருப்பதே ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது, வீட்டுப்பாடத்தை எதில் பார்ப்பது என்று கேட்டார் ஒரு ஆசிரியை. வகுப்பறையிலிருந்தே பல இடங்களைச் சுற்றிக் காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021இல் மூடப்பட்டதுபோல நாளை இதுவும் மூடப்பட்டால், தயாரித்த பாடமெல்லாம் என்னாகும் என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்வி.

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம், கண்ணால் பார்க்க முடியாததற்கு மட்டும் போதும் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. எனக்கும் அதுவே சரி. நம் பவளப்பாறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: அவை இருக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. கரையிலேயே பிறந்தும் உயிருள்ள பவளத்தைப் பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்பில் நிறைய.

கருத்துப் படிவம் வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திருப்பித் தரவில்லை. செயல்விளக்கக் கூட்டத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். சந்தா பாக்கியும் அப்படித்தான், பெயர் சொல்ல விரும்பவில்லை, அவரவருக்குத் தெரியும். வரவுக்குள் செலவு அடங்கியது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், இடம் தந்த தலைமையாசிரியர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மன்றத்துக்கென்று நாலைந்து நல்ல போன்களாவது வாங்கி, பள்ளி பள்ளியாகச் சுற்றுக்கு விட வேண்டும். என் கைக்காசில் இனி முடியாது. வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல போன் இருந்தால் கொண்டுவாருங்கள், வரும்போது அப்படியே சந்தாவையும் கட்டிவிடுங்கள்.

செயலாளர்