தெரிவிக்கலாம், தெரிவிக்க வேண்டும்

திண்டுக்கல்,
9.6.2024

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு லீவில் மில் வேலைக்குப் போன பெண் பிள்ளைகளில் யார் யார் திரும்புவார்கள் என்று வேடசந்தூர் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். "இந்த ஒரு வருஷம் போகட்டும் அக்கா, கடனை அடைச்சுட்டு அடுத்த வருஷம் சேர்த்துவிடுறோம்" என்று அம்மாக்கள் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் என்று போன பிள்ளைகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது உனக்கும் தெரியும். நீயும் இந்தத் தெருக்களில் நடந்தவள்தானே.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் மகள் யாழினிக்குச் சென்னையில் ஒரு குழந்தைகள் உரிமை நிறுவனத்தில் வேலை கிடைத்ததில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. "கொள்கைப் பிரிவு என்கிறாள். பிள்ளைகளையே பார்க்காமல் ஆபீஸில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதுவதெல்லாம் ஒரு வேலையா? நாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர்கள், இவர்கள் உள்ளே போய் டீ குடிக்கிறார்கள்" என்று கேட்டிருந்தாய். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு சொல். அதைச் சொல்கிறேன், கேள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இருக்கும். பள்ளி இடைநிற்றல் பற்றி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர்களுக்கு அனுப்ப ஒரு சுற்றறிக்கை தயாராகியிருந்தது. ஒரு மாணவி தொடர்ந்து வராவிட்டால் தலைமையாசிரியர் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் "தகவல் தெரிவிக்கலாம்" என்று அதில் இருந்தது. எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த "லாம்" தொண்டையில் மாட்டிக்கொண்டது. எழுந்து, "சார், இதை 'தெரிவிக்க வேண்டும்' என்று மாற்ற முடியுமா?" என்றேன். கட்டாயம் என்று போட்டால் ஆசிரியர்கள் சங்கடப்படுவார்கள் என்றார் அதிகாரி. தப்பாகச் சொல்லவில்லை, அவருடைய கவலை அவருக்கு.

என் பையில் நம் கிராம நோட்டு இருந்தது. நீ ஆரம்பித்துவைத்தாயே, அதே மாதிரி நோட்டுதான். அதில் ஏழு பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே இரண்டு தேதி எழுதிவைத்திருந்தேன். கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள் ஒன்று, கல்யாணம் நடந்த நாள் இன்னொன்று. அவர்களில் ஐந்து பேருக்கு இரண்டு தேதிக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. நோட்டை அவர் முன்னால் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பக்கத்தில் இருந்த பிரிவு எழுத்தர் அம்மாவும் எட்டிப் பார்த்தார். "இந்தப் பிள்ளை எங்க ஊர் சார்" என்றார். அவ்வளவுதான். அதிகாரி பேனாவை எடுத்து "லாம்" என்பதை அடித்து "வேண்டும்" என்று எழுதினார். "தொடர்ந்து" என்பதற்கு மேலே "ஐந்து நாட்கள்" என்று சேர்த்தார்.

அந்தச் சுற்றறிக்கையை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனோம். காகிதம் தானாக எதையும் செய்யாதே. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நல்ல தலைமையாசிரியர்களுக்கு அது ஒரு பிடிமானம் ஆனது. ஊர்ப் பெரியவர்கள் வந்து சண்டை போட்டால், "நான் என்னங்க செய்யறது, மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. மனசு இருந்தும் பயந்து கிடந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். யாழினி செய்யப்போகும் வேலை இதுதான், மல்லிகா. இந்தச் சுவர்களைக் கட்டுவது.

இதையே நாடு அளவில் நினைத்துப் பார். 2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வை வெளியிட்டது. களத்தில் இறங்கிச் செய்தது 'பிரயாஸ்' என்ற தொண்டு நிறுவனம், யுனிசெஃப்பும் சேவ் தி சில்ரனும் துணை. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். இந்த எண்ணை ஒரு தொண்டு நிறுவனம் தனியாக வெளியிட்டிருந்தால், நன்கொடைக்காகப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று ஒரே பேச்சில் ஒதுக்கியிருப்பார்கள். அரசாங்கத்தின் முத்திரையோடு வந்ததால் அரசாங்கமே அதை மறுக்க முடியவில்லை. 2012 நவம்பர் 14-ஆம் தேதி, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே பாதுகாப்பு. அதற்கு முன்னால் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் நாம் விழித்தது ஞாபகம் இருக்கிறதா?

இப்போது நம் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வருகிறேன். உன் மனத்தாங்கலுக்கு வேர் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

மதுரையில் நாம் இரவுப் பணி பார்த்த காலத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். போன் அடிக்கும், எடுத்தால் பேச்சே இருக்காது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பின்னால் எங்கேயோ டிவி ஓடும். புதிதாக வந்தவர்கள் விளையாட்டு என்று வைத்துவிடுவார்கள். நீ வைக்கமாட்டாய். "சாப்பிட்டியா கண்ணு? பேச வேண்டாம், சும்மா லைன்லயே இரு, நானும் இருக்கேன்" என்பாய். அதே நேரத்துக்கு அதே மூச்சுச் சத்தம் நான்கு நாள் வந்தது. ஐந்தாம் நாள் அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொன்னது. நீ ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

அந்த எண் எப்படிப் பிறந்தது என்று யாழினிக்குச் சொல். 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ஒரு களத் திட்டமாக, ஜெரூ பில்லிமோரியா என்ற ஆசிரியை தொடங்கினார். தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் ராத்திரி பகல் பாராமல் அவருக்கே போன் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு எண் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தொலைபேசித் துறையிடம் கேட்டு வாங்கினார்கள், காசில்லாமல் கூப்பிடும் நான்கு இலக்க எண். 1999-இல் அரசின் துணையோடு சைல்டுலைன் இந்தியா ஃபவுண்டேஷன் அமைந்தது. பிறகு ஊர் ஊராக நம்மைப் போன்ற நிறுவனங்கள் சேர்ந்தன. 2015-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தில் 'சைல்டுலைன் சேவை' என்பதற்கு விளக்கமே எழுதிவிட்டார்கள். ஒரு கல்லூரிக் கட்டடத்தில் பிறந்த யோசனை பத்தொன்பது வருஷத்தில் நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கொள்கை வேலைக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

போன வருஷம் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் அந்த எண்ணை அரசே எடுத்துக்கொண்டது. 112 அவசர எண்ணோடு இணைத்தார்கள். இப்போது அழைப்புகள் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன, அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வருகின்றன. நம்மோடு வேலை பார்த்த பலர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அலுவலகத்தைக் காலி செய்த அன்று சுவரிலிருந்த 1098 போஸ்டரை நான் பிய்க்கவில்லை. அப்படியே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் கோரிக்கையே அதுதானே? பிள்ளையைக் காப்பது அரசின் கடமை, யாருடைய தயவிலும் அது நிற்கக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் மேடையில் பேசினோம்? நன்கொடை வந்தால் போன் எடுப்போம், வராவிட்டால் எடுக்கமாட்டோம் என்பது உரிமை ஆகாது. எடுத்துக்கொண்டதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த நான்கு நாள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுமையும் எண்ணோடு சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காகத்தான் புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சியில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். பேசாத அழைப்பைப் பற்றி மட்டும் பேசினேன். உன் கதையைத்தான் சொன்னேன், பெயர் சொல்லாமல். கடைசி வரிசையில் ஒரு பையன் முடிந்ததும் வந்து, "எவ்வளவு நேரம் லைன்ல இருக்கலாம் மேடம்?" என்று கேட்டான். "அந்தப் பிள்ளை வைக்கிற வரைக்கும்" என்றேன். எழுதிக்கொண்டான்.

தோற்ற கதைகளையும் யாழினிக்குச் சொல்லிவிடு. குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் 2016-இல் வந்தபோது, பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று போட்டது பெரிய வெற்றி. ஆனால் பள்ளி முடிந்த நேரத்திலும் லீவிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டார்கள், ஆபத்தான தொழில் மட்டும் கூடாது என்று. நாடாளுமன்ற நிலைக்குழு வரைக்கும் நம் துறையினர் எடுத்துச் சொல்லியும் அந்தக் கதவு மூடவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யும் வேலை யாருடைய தொழில், குடும்பத்துடையதா, ஏஜெண்டுடையதா? இதை எந்த ஆய்வாளர் போய்ப் பிரித்துப் பார்ப்பார்? பாரேன், இங்கேயும் ஒரு "லாம்"தான். முந்தைய வருஷக் கடைசியில் இளைஞர் நீதிச் சட்டத்திலும் அப்படியே. கொடிய குற்றம் என்றால் பதினாறு வயதுப் பையனையும் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி செய்தார்கள். 2012 டில்லி பஸ் பாலியல் கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்துக்கொண்டிருந்தது, அந்தச் சூட்டில் நம் பக்கத்துப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

நாம் கேட்டு வாங்கிய சட்டமே நம்மைப் புண்படுத்துவதும் உண்டு. போக்சோவில் வயது பதினெட்டு. காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பெண்ணின் அப்பா புகார் கொடுக்கிறார், பையன் ஜெயிலுக்குப் போகிறான். 2019-லும் 2021-லும் சென்னை உயர் நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. வயதைக் குறைத்தால் குழந்தைத் திருமணம் செய்துவைப்பவர்களுக்கு வசதியாகிவிடுமோ என்று எனக்குப் பயம். குறைக்காவிட்டால் அந்தப் பையன்களின் முகம் கண்ணில் நிற்கிறது. உன் கருத்து என்ன? எழுது. இதில் உன் புத்தி என் புத்தியைவிடத் தெளிவு.

இன்னொன்று. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, பணம் பெறும் நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகச் சுருங்கியது. பெரிய இடத்திலிருந்து கிடைத்த கொஞ்சத்தில் இரண்டு பணியாளர்களை வைத்து நோட்டு எழுதிக்கொண்டிருந்த கிராமத்து நிறுவனங்களுக்கு அதுதான் அடி. நோட்டு இல்லையென்றால் மேஜையில் எதை வைப்பது? அன்றைக்கு அந்த ஏழு பெயர் இல்லாமல் நான் பேசியிருந்தால், "மேடம் உணர்ச்சிவசப்படுறாங்க" என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். யாழினி வேலையில் சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் இங்கே அனுப்பு. என் கூடவே தங்கட்டும், அம்மாவுக்கும் துணை. மில் வண்டி விடியற்காலையில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை அவள் பார்க்கட்டும். ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கடன் கணக்கையும் கேட்கட்டும். பிறகு சென்னையில் அவள் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த வீடு இருக்கும். வரும்போது தூத்துக்குடி மக்ரூன் கொடுத்துவிடு, அம்மா இப்போதே கேட்கிறாள்.

நாளைக் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். பட்டியலில் பதினொரு பேர். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று வீடு பூட்டிக் கிடந்தது, இரண்டு பேர் பதிலே சொல்லவில்லை. கடிதம் உன் கைக்கு வருவதற்குள் தெரிந்துவிடும். ராத்திரி போன் பண்ணிச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தேன்மொழி