மூன்றாம் மாத சிடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உளுந்து இந்தத் தடவை பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, சொன்னால் கேட்கிறாளா?

காது நரம்புக் கட்டிக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தாயிற்று என்று மாப்பிள்ளை சொன்னார். ரிப்போர்ட்டைக் கேட்டால், "அவளே பேசுவா மாமா" என்கிறார். சரி, உனக்கு வேலை இருக்கும்.

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கூகுளில் தேடாதே. எக்ஸ்ரே அறையிலேயே சர்வீஸை முடித்தவன் சொல்கிறேன், பழைய படம் கையில் இல்லாதவர் சந்தேகமாகத்தான் எழுதுவார். போன வருஷப் படம் மட்டும் போதாது. இந்தக் கட்டி வளர்ந்தாலும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடுத்தடுத்த படங்களில் அது பிடிபடாது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் எடுத்ததோடு ஒப்பிட வேண்டும். அந்த சிடியைத்தான் பொங்கலுக்கு வந்தபோது இங்கேயே விட்டுப் போய்விட்டாய்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கட்டி இல்லை. காதுக்குப் பின்னால் குடைந்த இடத்தை அடைக்க உன் வயிற்றுக் கொழுப்பை எடுத்து வைத்தார்களே (தொப்பை குறைந்தது என்று சிரித்தாய்), அது ஸ்கேனுக்கு ஊசியில் போடும் மருந்து ஏற்றாமலே வெள்ளையாகத் தெரியும். கொழுப்பை மட்டும் மறைத்து எடுக்கிற படத்தில் அது கருத்துவிடும். மருந்து ஏற்றியபின் நரம்புப் பாதையில் மெல்லிய கோடாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் தழும்புதான். உருண்டையாக இருந்து, படத்துக்குப் படம் பெருத்தால்தான் யோசிக்க வேண்டும்.

முகம் கோணிவிடக் கூடாதென்றுதானே முக நரம்போடு ஒட்டியிருந்ததை டாக்டர் சுரண்டாமல் விட்டார்? அது படத்தில் தெரியத்தான் செய்யும். மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அப்படியே வளர்ந்தாலும் கதிர் சிகிச்சை இருக்கிறது, உடனே கத்தி என்று இல்லை.

தள்ளாட்டத்தோடு நடை பழகி, மறுபடி ஸ்கூட்டர் எடுத்தவள் நீ. தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறேன். அந்தத் தைரியத்தை எங்களிடம் மறைப்பதற்குச் செலவழிக்காதே. பெரிய அத்தை அப்படி மறைத்து என்ன ஆயிற்று?

சிடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரேடியாலஜி டாக்டரிடம் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதித் தரச் சொல். பழைய படத்தோடு பார்க்காமல் எதையும் நம்பாதே. அப்புறம் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போடாதே, இடது காதிலேயே வைத்துப் பேசு. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அன்புடன்,
அப்பா