ஒப்பந்தத்தில் எழுதப்படாத தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் குற்றம் என்றாலே ஓடிபி, போலி அழைப்பு என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. சென்னையில் சிறு, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில், ஓர் ஓரத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், லினக்ஸ் என்ற இயங்குதளம் கொண்ட பழைய சர்வர்களைப் பற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

"லினக்ஸுக்கு வைரஸே வராது" என்ற நம்பிக்கை பாரிமுனை மொத்த வியாபாரிகள் முதல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை வேரூன்றியிருக்கிறது. 1988 நவம்பரில் இணையத்தையே திணறடித்த 'மாரிஸ் வார்ம்' என்ற தானாகப் பரவும் நிரல் புகுந்தது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் கணினிகளில்தான். 2014 செப்டம்பரில் வெளியான 'ஷெல்ஷாக்' என்ற பாதுகாப்புக் குறை, லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலில் 1989 முதலே இருந்தது. குறைகள் இருப்பது வியப்பல்ல. எல்லா மென்பொருளிலும் இருக்கும். கண்டுபிடிக்கப்படும் நாளில் அதைச் சரிசெய்யும் திருத்தமான பேட்ச் நம் சர்வருக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

இலவச லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ்-இன் 6-ஆம் பதிப்புக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 நவம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2021 ஜனவரி 26 அன்று நிர்வாகி அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் 'சூடோ' நிரலில் ஒரு குறை அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அதில் ஒளிந்திருந்த அந்தக் குறையைப் பயன்படுத்தி, எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத சாதாரணப் பயனர் கணக்கிலிருந்தே ஒருவர் சர்வரின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்தைப் பெற்றுவிட முடியும். கட்டணம் செலுத்தி நீட்டிப்பு ஆதரவு பெற்றிருந்த ரெட் ஹாட் 6 (சென்ட்ஓஎஸ் 6-இன் கட்டண மூலப் பதிப்பு) வாடிக்கையாளர்களுக்குப் பேட்ச் கிடைத்தது. இலவசமாக சென்ட்ஓஎஸ் 6 வைத்திருந்தவர்களுக்கு அதிகாரபூர்வமாக எதுவும் வரவில்லை. அதற்கு அடுத்த பதிப்பான சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுளும் 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது.

கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்காளர், தங்கள் பில்லிங் சர்வர் மூன்று ஆண்டுகளாக ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆனதில்லை என்று திரையைக் காட்டிப் பெருமைப்பட்டார். ரீபூட் செய்யாமலேயே, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குப் பேட்ச் போடும் வசதி அந்தப் பழைய சர்வரில் இல்லாததால், மூன்று ஆண்டுகளாகக் கர்னல் பேட்ச் எதுவும் அங்கே நடைமுறைக்கு வரவில்லை என்பதே அதற்குப் பொருள். கவுன்ட்டர்களிலிருந்து அந்தச் சர்வருக்கு இணைப்பு டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறை வழியாக. கடவுச்சொல் மறையாக்கம் ஏதுமின்றி அப்படியே கேபிளில் பயணம் செய்கிறது.

பதிப்பு எண் பழையதாக இருப்பதை மட்டும் பார்த்துப் பதறுவதும் சரியல்ல. ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் எண்ணை மாற்றாமலேயே பழைய பதிப்புக்குள் திருத்தங்களைச் சேர்ப்பதுண்டு. இதை அறியாத தணிக்கையாளர்கள், பதிப்பு எண்ணை வைத்துக் குறைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் கொடுக்கும் பட்டியலை அப்படியே அச்சிட்டு நீட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இணையவழி ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வரில் நடப்பவை தானாகப் பதிவாகும் பதிவேடுகளை 180 நாளுக்குப் பாதுகாக்கவும் வேண்டும். இந்தப் பழைய சர்வர்களிலோ, யாரும் அமைப்பை மாற்றாதவரை, பெரும்பாலான பதிவுகள் நான்கு வாரங்களே தங்கும். என்ன நடந்தது என்று விசாரிக்கக்கூட ஆதாரம் மிஞ்சாது.

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது; பில்லிங் மென்பொருளை எழுதிக் கொடுத்தவரே இன்று தொடர்பில் இல்லாத கடைகள் உண்டு. அத்தகைய சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து, தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்து, குறிப்பிட்ட கவுன்ட்டர்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். புதிதாக வாங்கும்போது, அது தனியார் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தமானாலும் அரசுத் துறையின் ஒப்பந்தப்புள்ளியானாலும், இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியோடு முடிகிறது, அதன்பின் மாற்றித் தரும் பொறுப்பும் செலவும் யாருடையவை என்ற இரண்டு வரிகளைக் கட்டாயமாக்க வேண்டும். வன்பொருள் உத்தரவாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் ஒப்பந்தங்களில் இதற்கு இடமில்லாமல் போகாது. தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை இதைத் தன் கொள்முதல் விதிகளில் சேர்க்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை-53.