காவிரி எப்படி வந்தது?

அன்புள்ள கமலா,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த குறுக்கெழுத்துத் தாளும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு மூன்று விடைகளுக்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. விடை சரிதான் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் அது எப்படி வந்தது என்று தெரியாமல் உனக்குத் தூக்கம் வராது. திருச்சி விடுதியிலும் நீ இப்படித்தான்.

முதலில் என் சேதி. இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் கரை நிறம் வரை தெரிகிறது. படிக்கும் கண்ணாடி இன்னும் வரவில்லை. அதனால் உன் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ‘சோலையைப் பரப்பும் ஆறு (3)’, அதாவது மூன்று எழுத்தில் விடை. நீ முதலில் ‘சஷ்டி’ என்று எழுதி அழித்த தடம் தெரிகிறது. ஆறு என்றதும் எண்ணிக்கைப் பக்கம் போயிருக்கிறாய். குறிப்பு எழுதியவர் உன்னை அங்கேதான் அனுப்ப நினைத்தார். அப்புறம் நடுவில் ‘வி’ விழுந்ததும் காவிரி என்று பிடித்துவிட்டாய். சோலைக்குக் ‘கா’ என்று ஒரு பெயர் உண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுளில் படித்தோமே. பரப்பு என்றால் விரி. இரண்டையும் ஒட்டினால் காவிரி. அதோடு முடிந்திருந்தால் நல்ல குறிப்பு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். ஆனால் போகிற வழியெல்லாம் சோலையை விரித்துக்கொண்டு போவதால்தான் அந்த ஆற்றுக்குக் காவிரி என்று பெயர் வந்தது என்று வழிவழியாக ஒரு விளக்கம் சொல்வார்கள், நினைவிருக்கிறதா? அப்படிப் பார்த்தால் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து காவிரியையே வர்ணிக்கின்றன. எழுத்துக் கணக்கும் அதுவே, பொருளும் அதுவே. இரண்டு நாளாக அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

அடுத்தது ‘கோவலனைக் கவர்ந்தவள் வேறு விதமா? (3)’. மாதவி என்று உனக்கு உடனே தெரிந்திருக்கும். வேறு என்றால் எழுத்துகளை மாற்றி அடுக்கு என்று அர்த்தம். எதை அடுக்குவது? பக்கத்திலேயே இருக்கிற ‘விதமா’வைத்தான். வி, த, மா. கலைக்கக்கூட வேண்டாம், கடைசியிலிருந்து படித்தாலே போதும். ‘விதமாக’ என்று எழுதியிருந்தால் ஒரு ‘க’ மிச்சம் நின்றிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் கேள்வியாக முடித்திருக்கிறார். மூன்றாவது ‘முதல் போன சமையல் மோகம் (3)’. படித்தவுடன், கடன் வாங்கி மெஸ் வைத்து நொடித்துப்போன ஒருவர் கண்முன் வந்துவிடுகிறார். அவரை மறந்துவிடு. முதல் என்பது இங்கே முதல் எழுத்து. சமையலில் ‘ச’ போனால் மையல், மோகம் என்றாலும் அதுதான்.

விடுதியில் இருந்தபோது நீ ஒரு சட்டம் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் பேப்பர். காரணம் சொல்ல முடியாத விடையைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், காரணம் சொன்ன பிறகுதான் பேனா. ஒருநாள் முழுக் கட்டமும் நிரம்பியிருந்தும் ஒரு பென்சில் விடைக்காக விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கும் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. ஒவ்வொரு எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டும்போதுதான் குறிப்பு எழுதியவர் நியாயமாக எழுதியிருக்கிறாரா என்பதும் தெரிகிறது.

கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன நாட்களில் எதிர்வீட்டுப் பெண் வந்து எனக்குப் படித்துக் காட்டுவாள். எட்டாம் வகுப்பு. தண்டியலங்காரத்தில் சித்திரகவிப் பகுதியை, அதுதான் எழுத்து விளையாட்டுப் பாட்டுகளைச் சொல்லும் இடத்தை, படிக்கச் சொன்னேன். அதில் வினாவுத்தரம் என்று ஒன்று வரும். அதற்குக் காட்டும் வெண்பா அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனிடம் ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்கு என்ன பெயர்? அம்பு. அழகுக்கு? அம். பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? திருவேகம்பம்! காஞ்சிபுரத்துக் கோயில். திரு, ஏகு, அம்பு, அம். உகரம் போய்ச் சந்தி சேர்வது வரை கணக்குச் சரியாக இருக்கிறது. துண்டுகளுக்குத் தனித்தனிக் குறிப்பு, கடைசியில் முழு விடைக்கு ஒரு விளக்கம். உன் காவிரியும் இப்படித்தானே கட்டப்பட்டிருக்கிறது? ஒரு சொல்லில் எழுத்தை நீக்கிக்கொண்டே போய் வேறு வேறு பொருள் எடுப்பதற்கு அக்கரச் சுதகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை மறைத்து வைத்தால் கரந்துறைச் செய்யுள். ‘சீதா மரைக்காயரிடம் மறைத்த மலர் (3)’ என்று நான் அந்தப் பெண்ணுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். சீதாவின் வாலையும் மரைக்காயரின் தலையையும் சேர்த்துத் தாமரையை எடுக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குறுக்கெழுத்துக் கட்டம் 1913 டிசம்பரில் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் போட்டது. அந்தக் கட்டத்துக்கு, உன் தாளில் இருப்பதுபோல் சொல்லை உடைத்தும் மறைத்தும் கேட்கும் பூடகக் குறிப்பை வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். நம் எழுத்துக்கு அந்தக் கட்டம் கொஞ்சம் இறுக்கமான சட்டைதான். அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. நெடுக்கில் ஒரு ‘ழை’ வந்தால் குறுக்கிலும் ‘ழை’யே வர வேண்டும். கட்டம் போடுகிறவருக்கு அது பெரிய அவஸ்தை. விடை தேடுகிற நமக்கோ அந்த ஒரு ‘ழை’ கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உன் அண்ணன் தன் உடம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தாய். கார்டியன் பத்திரிகையில் அராவ்காரியா என்ற புனைபெயரில் குறுக்கெழுத்து போட்டுவந்த ஜான் கிரஹாம் என்ற பாதிரியாரைத்தான் நினைத்துக்கொண்டேன். 2013 ஜனவரியில், 91 வயதில், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதைக் கட்டத்துக்குள்ளேயே வைத்து வாசகர்களுக்குச் சொன்னார். விடைகளைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் முழுச் சேதியும் புரிந்தது. அந்த வருஷம் நவம்பரில் காலமானார். தனக்குப் பழகிய பாஷையில் சொல்லிவிட்டார் மனுஷர். உன் அண்ணனுக்குச் சீட்டாட்டம்தானே பழக்கம்? கூடச் சீட்டாடுகிற யாரையாவது விட்டுப் பேசவைத்துப் பார்.

இப்போது ஒரு வழக்கு உன்னிடம் வருகிறது. எதிர்வீட்டுப் பெண் தானாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள்: ‘தலை போன மகுடம் தண்ணீர் சுமக்கும் (3)’. மகுடத்தில் ‘ம’ போனால் குடம். படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் ‘சுமக்கும்’ இடிக்கிறது. குடம் பெயர்ச்சொல், அதற்கான விளக்கமும் பெயராக நிற்க வேண்டும், ‘சுமப்பது’ என்று மாற்று என்றேன். அஃப்ரிட் என்ற பெயரில் கட்டம் போட்டவர் 1949-ல் வகுத்த விதியையும் சொன்னேன்: மேலோட்டமாகச் சொல்வது மனதில் இருப்பதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் விடவில்லை. “தலை போன மகுடம்தான் குடம் ஆயிடுச்சே பாட்டி. அந்தக் குடம் தண்ணீர் சுமக்கும். இதில் எந்த எழுத்து பொய்?” என்கிறாள். சுமப்பது என்று போட்டால் அந்த வரி செத்துப்போகிறது என்பதும் உண்மைதான். நான் அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் பென்சிலா பேனாவா என்று நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேட்பாள். கடிதம் அதற்குள் வராது, போன் செய்.

அன்புடன்,
உன் ஜெயா