உன் ஆசை போதவில்லை, யாழினி

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய பட்டியலை அப்பாவும் நானும் படித்தோம். பத்து வருஷத்தில் நான்கு மொழிகள்: ஜெர்மனில் சி1, பிரெஞ்சில் சி1 (ஆறு படிகளில் ஐந்தாவது), ஜப்பானியத்தில் என்1 (அந்தத் தேர்வின் உச்ச நிலை), கடைசியாக அரபி. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளச் சொல், உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றார். எனக்கு இருக்கும் குறையே வேறு. இதில் ஆசை போதவில்லை.

காரணம் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. வேலையில் தடங்கலில்லாமல் பயன்படுத்தும் அளவுக்கு ஒரு மொழி வர எத்தனை மணி நேர வகுப்பு தேவை என்று அவர்கள் பல வருஷ அனுபவத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்கு 600 முதல் 750 மணி நேரம், ஜெர்மனுக்கு ஏறத்தாழ 900, ஜப்பானியத்துக்கும் அரபிக்கும் தலா 2200. அதுவும் வேறு வேலை எதுவும் இல்லாமல், சம்பளத்தோடு, அதற்கென்றே உட்கார்ந்து படிப்பவர்களுக்கு. வகுப்புக்கு வெளியே அவர்கள் படிப்பது இதில் சேராது. உன் நான்கு மொழிகளையும் கூட்டினால் சுமார் 6000 மணி நேரம் வருகிறது. நீ தினமும் ஒரு மணி நேரம், காய்ச்சல் வந்தாலும் விடாமல் படித்தால் பத்து வருஷத்தில் சேர்வது 3650. கணக்கு உதைக்கிறது.

சரி, இந்த எண்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்து வந்தவை. நமக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும்; பெயருக்குப் பின்னால் நம்முடைய வேற்றுமை உருபு மாதிரி ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் பேசுபவர்கள் தலைகீழாக யோசிக்கப் பழக வேண்டிய இடத்தில் உனக்கு வேலையே இல்லை. ஜெர்மனிலும் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்கு ஓடிவிடும். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து மிரண்டு நான் கண்டதில்லை. அரபியில் எழுதுவது ஒரு மொழி, வீட்டில் பேசுவது இன்னொன்று என்றால் மற்றவர்கள் மலைத்துப்போவார்கள். நாம் பிறந்ததிலிருந்தே அப்படித்தானே இருக்கிறோம்! ஆனால் கான்ஜியில், அதாவது ஜப்பானியர் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகளில், நமக்குச் சலுகை கிடையாது. ஜப்பான் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன. ஓரிடத்தில் மிச்சமாகும் நேரம் இன்னோரிடத்தில் கரைந்துவிடும். மொத்தத்தில் நான்கு மொழிகளையும் அரைகுறையாகத் தொட்டுவிட்டு, நாற்பது வயதில் நீ களைத்துப்போய் நிற்பாய்.

அரைகுறை என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கற்றது நிற்காது. ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானியம் படித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார். படிப்பை விட்டு ஐம்பது வருஷம் ஆனவர்கள்கூட அதில் இருந்தார்கள். முதல் மூன்றிலிருந்து ஆறு வருஷத்துக்குள் மளமளவென்று மறந்துபோகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ முப்பது வருஷத்துக்கு அப்படியே நிற்கிறது. எவ்வளவு மிஞ்சும்? ஆரம்பத்தில் எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள் என்பதைப் பொறுத்தது. லேசாகப் படித்தவர்களிடம் மிஞ்சியது சொற்பம். உன் திட்டத்தைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். மூன்றாவது மொழியில் நீ தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது முதல் மொழி பின்னால் உதிர்ந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்தவும் தினமும் நேரம் வேண்டும். அந்த நேரம் உன் பட்டியலில் எங்கேயும் இல்லை.

ஆகவே, எண்ணிக்கையைக் குறை என்று அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைத்துவிட்டு அங்கேயே நிற்காதே. ஒரு மொழியை எடுத்து, நீ இப்போது நினைத்துக்கூடப் பார்க்காத உயரத்துக்குக் கொண்டு போ.

நீ எழுதியிருக்கும் சி1, என்1 எல்லாம் தேர்வு நிலைகளின் பெயர்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, என் பிழைப்பே அவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளை வகுத்து வெளியிட்டது நல்ல காரியம். அதற்கு முன் 'ஓரளவு தெரியும்' என்று ஆளாளுக்கு ஒரு அளவு சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தப் படிகளை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, சி2 என்றால் அந்த மண்ணில் பிறந்தவரைப் போல ஆகிவிடுவது என்று அர்த்தமில்லை. அந்த ஆவணமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. இன்னொன்று, கேட்பது, படிப்பது, உரையாடுவது, தொடர்ந்து பேசுவது, எழுதுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியே படி உண்டு. ஒருவர் படிப்பதில் சி1-ஆகவும் பேசுவதில் ஏ2-ஆகவும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் ஜப்பானியத் தேர்வையே எடுத்துக்கொள். 1984-இலிருந்து நடக்கிறது, 2010-இலிருந்து ஐந்து நிலைகள். எல்லா நிலையிலும் சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் அவ்வளவுதான். பேசவும் எழுதவும் ஒரு கேள்விகூடக் கிடையாது. வாயே திறக்காமல் என்1 வாங்கிவிடலாம். பத்து வருஷ உழைப்புக்கு அந்தச் சான்றிதழ் மட்டும் போதுமா?

நான் சொல்லும் இலக்கு இது: ஒரு ஜப்பானிய நாவலை, நடுவில் ஆங்கிலம் இல்லாமல், நேரடியாகத் தமிழுக்குக் கொண்டு வா. பத்து வருஷம் எடுத்துக்கொள்.

சிரிக்காதே. இது எவ்வளவு பெரியது என்று பார். ஜப்பானியத்தில் எழுவாயைச் சொல்லாமலே பக்கம் பக்கமாக ஓட்டுவார்கள். வினையிலும் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று தெரியாது. தமிழில் அப்படி விட முடியுமா? வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று ஒவ்வொரு வரியிலும் நீ முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு யார் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறார்கள், அவர்களில் மூத்தவர் யார், கோபத்தில் மரியாதையைக் குறைக்கிறார்களா, இல்லை வேண்டுமென்றே கூட்டுகிறார்களா என்று காதிலேயே தெரிய வேண்டும். அகராதியில் அது கிடைக்காது. மனிதர்களோடு பேசிப் பேசித்தான் வரும். அதாவது, படிப்பதற்கென்று வைத்த இலக்கு உன்னைத் தானாகவே பேசவும் கேட்கவும் துரத்தும்.

பெரிய இலக்கில் எனக்குப் பிடித்ததே அதுதான். சின்னச் சின்னக் கேள்விகளுக்கெல்லாம் அது பதில் சொல்லிவிடும். இந்த வருஷம் தேர்வுக்குப் பணம் கட்டலாமா, எந்தச் செயலியில் படிப்பது, இலக்கணப் புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் கதை படிக்க வேண்டுமா என்று மாணவர்கள் என்னைத் துளைத்தெடுப்பார்கள். 'எதற்காகப் படிக்கிறாய்' என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் இருப்பவர்கள் அந்தக் கேள்விகளையே கேட்பதில்லை.

அளவைப் பார்த்து மிரள வேண்டாம். பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-இல் ஆங்கிலத்துக்கு ஒரு கணக்குப் போட்டார்: உதவியில்லாமல் நாவல் படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நூறு சொல்லில் தெரியாதது இரண்டாகக் குறையும். ஜப்பானியத்துக்கு எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். எட்டாயிரத்தைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு சொல், சில நாள் மூன்று. அவ்வளவுதான். ஆனால் இன்று படித்த இரண்டு சொற்களும் நாளை மறந்துபோகும், திரும்பத் திரும்ப வேறு வேறு இடங்களில் எதிர்ப்பட்டால்தான் தங்கும். அதனால்தான் அட்டையில் எழுதி உருப்போடுவதோடு நிறுத்தாமல், நிறையப் படி என்று நச்சரிக்கிறேன். தெரிந்த சொற்களே அதிகமாக இருக்கும் எளிய கதைகளாகப் படி. பெருமைக்காகக் கடினமான புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி அகராதியைப் புரட்டாதே.

இனி நடுவில் வரும் பாலைவனத்தைப் பற்றி. முதல் வருஷம் வாரத்துக்கு வாரம் வளர்ச்சி தெரியும். அறிமுகம் சொல்வாய், வழி கேட்பாய், எல்லோரும் பாராட்டுவார்கள். மூன்றாவது படியான பி1 தாண்டியதும் எதுவும் நகராதது போல இருக்கும். வகுப்பு மெல்லக் காலியாவது அங்கேதான். அங்கே நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும் வானொலி உரையாடலில் ஒரே ஒரு நிமிஷத்தை வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எழுத்தைப் பார்க்காமல், நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். முடியாத இடத்தில் கோடு. அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். கோடு விழுந்த இடங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களாகவே இருக்கும். ஜெர்மன் பாடத்தில் 'ஹாபென் வியர்' என்று படித்தது பேச்சில் 'ஹாம்வா' என்று ஓடிவிடுகிறது, யாருக்குத்தான் பிடிபடும்? ஒரு நிமிஷ ஒலிக்கு அரை மணி நேரம் போய்விடும். ஆனால் எதில் குறை என்று அன்றைக்கே தெரிந்துவிடும், பாலைவனத்தில் அது பெரிய விஷயம். ஜப்பானியத்திலும் இதையே செய். கூடவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தலைப்பில் மூன்று நிமிஷம் பேசிப் பதிவு செய்து வை. நகரவில்லை என்று தோன்றும்போது பழையதைப் போட்டுக் கேள். உன் ஞாபகத்தை நம்பாதே, அது எப்போதும் குறைத்தே சொல்லும்.

மற்ற மூன்று மொழிகளும் என்ன ஆவது என்பாய். எதையும் தூக்கிப்போட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம் வைத்துக்கொள். ஹங்கேரியில் கடோ லோம்ப் என்று ஒரு பெண்மணி இருந்தார், 1909-இல் பிறந்தவர். படித்தது வேதியியல், பிழைத்தது மொழிபெயர்ப்பில். பதினாறு மொழிகளில் வேலை பார்த்தார் என்று எல்லோரும் வியப்பார்கள். ஆனால் அவரே தன் மொழிகளைப் பிரித்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: ஐந்து மொழிகள் எப்போதும் தன்னோடு இருப்பவை, இன்னும் ஐந்துக்கு அரை நாளாவது தூசு தட்ட வேண்டும், மீதி ஆறு எழுத்தில் மொழிபெயர்க்க மட்டும். அவரே அப்படியென்றால் நாம் எந்த மூலைக்கு? உனக்கு ஏற்கெனவே பி1 இருக்கும் ஜெர்மனை வாரம் ஒரு கட்டுரை, ஒரு தொலைபேசிப் பேச்சு என்று உயிரோடு வைத்திரு. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தால் போதும். உன் ஆங்கிலம் பாதி தூரம் இழுத்துக்கொண்டு போய்விடும். அரபியை அடுத்த பத்து வருஷத்துக்குத் தள்ளிவை. ஐம்பதில் தொடங்கினாலும் அது எங்கேயும் ஓடிப்போகாது.

வேலை மாறும், வீடு மாறும், குழந்தை பிறக்கலாம், சில வருஷங்கள் கையை விட்டுப் போகும். அந்த வருஷங்களில் ஒரு மணி நேரக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழாதே. கால் மணி நேரம் ஏதாவது ஒன்றைக் கேள், போதும். முழுக்க நின்றுபோவதுதான் ஆபத்து. மறுபடி உட்காரும்போது, விட்ட இடத்தைத் தேடுவதிலேயே பாதிப் பேர் சலித்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதற்காக அதைப் பிடித்துத் தொங்காதே. நீ பதினைந்து வயதிலிருந்து ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்தில் வாங்கி வாங்கிப் படித்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவரப் போகிறாய் என்று அவற்றிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடு, மாற்ற வேண்டியிருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அதன் பெயரை மட்டும் சொல். அப்பாவுக்குக் கதைச் சுருக்கமும் வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா