அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஜெனன்டெக் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி வளர்ந்த கதையைப் போட்டு, 'ஹெர்செப்டின் வந்துவிட்டது, மார்பகப் புற்றுநோய்க்கு இனிப் பயமில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த மருந்து ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிக்குத்தான் கேட்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே அப்படி இருக்கும். கட்டித் துண்டில் ஹெர்2 அளவைச் சோதித்து 3+ என்று வந்தால் கொடுக்கலாம். 2+ என்றால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையும் செய்து பார்க்க வேண்டும். தங்களுக்குத் தெரியாததா இது? கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் பெண்களிடம் 'உங்களுக்கு இது ஆகாதம்மா' என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

1976-இல் கம்பெனியைத் தொடங்கச் சுவான்சனும் போயரும் ஆளுக்கு 500 டாலர் போட்டதற்கு அரைப்பக்கம் கொடுத்தீர்கள். அந்தக் கம்பெனி பெயர் வாங்கியது இன்சுலினாலும் வளர்ச்சி ஹார்மோனாலும். புற்றுநோய்ப் பக்கம் போக நிர்வாகம் தயங்கியபோது விடாமல் நின்றவர் இந்த மருந்தை ஆராய்ந்த டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன். 1998-இல்தான் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்லேமன் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை. 2009-இல் சுவிஸ் மருந்து நிறுவனமான ரோஷ், ஜெனன்டெக்கை முழுதாக வாங்கியது மட்டும் இருக்கிறது. இந்த மருந்தின் விலையைக் குறைக்கச் சொல்லிப் போராடி, அது கிடைக்காமலே 2016-இல் இறந்த, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணப் பெண் டொபேகா டாக்கிக்கு நம் நாட்டுப் பத்திரிகையில் ஒரு வரி கிடையாதா?

'ஊசி போட்டால் போதும்' என்கிறீர்கள். 60 கிலோ எடைக்கு முதல் தடவை 480 மில்லிகிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 360. ஆரம்ப நிலை நோய்க்கு இப்படி ஓராண்டு. குப்பியைக் குலுக்கினால் நுரை கட்டி, ஊசியில் இழுக்கும் அளவு குறைந்துபோகும். உப்புநீர்ப் பையில்தான் கலக்க வேண்டும். குளுக்கோஸில் கலந்தால் மருந்தின் புரதம் திரண்டுவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் குளிர்பெட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் தொடரவே கூடாது, இதயம் தளர்ந்துபோகலாம்.

முன்பு முள்சீத்தா இலைக் கஷாயம் கட்டியைக் கரைக்கும் என்று போட்டீர்கள். மறுப்பு அனுப்பினோம், வரவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. பத்திரிகையை மதித்துத்தான் இப்போதும் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் அந்த வாக்கியத்தைத் திருத்தி, 'ஹெர்2 முடிவு என்ன என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்' என்று இரண்டு வரி போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வேண்டும்.

புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளுநர்,
டர்பன்